மே லீவில் சிங்கப்பூர் யுனிவர்சல்: காரைக்குடியிலிருந்து முதல் தடவை, எப்படித் திட்டம் போடுவது?

செக்காலை

வணக்கம். இந்த மே லீவுக்குப் பிள்ளைகளைச் சிங்கப்பூர் கூட்டிப் போறதா முடிவு பண்ணியிருக்கோம். முக்கியமா செந்தோசா தீவில் இருக்கிற யுனிவர்சல் ஸ்டூடியோஸ். இதுவரை வெளிநாடும் போனதில்லை, இந்த மாதிரி பெரிய பார்க்கும் போனதில்லை. திருச்சியிலிருந்து விமானம்.

ஆள் கணக்கு: நான், வீட்டுக்காரர், மூத்தவன் (12 வயது, 141 செ.மீ.), சின்னவள் (8 வயது, 121 செ.மீ.), பிள்ளைகளோட அப்பத்தா (68 வயது, முட்டி வலி, படி ஏறுவது சிரமம்).

ஒரு ஏஜென்ட் நாலு இரவு பேக்கேஜ் சொல்றார். அதில் யுனிவர்சலுக்குக் காலையில் ஊர் சுற்றிக் காட்டிட்டு 11 மணிக்கு இறக்கிவிட்டு 5 மணிக்கு ஏத்திக்குவாங்களாம். இது போதுமா? எந்த வாரம் போனால் கூட்டம் குறைவு? எக்ஸ்பிரஸ் பாஸ்னு தனியா ஒன்று விக்கிறாங்களே, அது கட்டாயமா? அப்பத்தாவை பார்க்குக்குள்ள கூட்டிப் போகலாமா? வீட்டிலிருந்து என்ன எடுத்துப் போகலாம், என்ன கூடாது? தெரிஞ்சவங்க விவரமா சொல்லுங்க.

சிராங்கூன் ரோடு

முதலில் தேதி. மற்றதெல்லாம் அப்புறம்.

சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு நடுவருட விடுமுறை மே கடைசி வாக்கில் தொடங்கி ஜூன் மாதம் பெரும்பாலும் ஓடும். நம்ம ஊர்ப் பள்ளி லீவு ஏப்ரல் கடைசியிலேயே தொடங்கிவிடுகிறது. இந்த இடைவெளிதான் உங்களுக்கு வாய்ப்பு. ஆனால் மே முதல் வாரம் வேண்டாம். மே 1 அங்கேயும் விடுமுறை, சீனாவிலும் மே தின விடுமுறை நாலைந்து நாள், அந்தக் கூட்டம் முழுக்க சிங்கப்பூரில்தான் வந்து இறங்கும். விசாக தினமும் பெரும்பாலும் மே மாதத்தில் வரும், அந்த வருடத்துத் தேதியைப் பார்த்து அந்த வாரக் கடைசியைத் தள்ளிவிடுங்கள். மே இரண்டாம் வாரம், மூன்றாம் வாரம், அதிலும் செவ்வாய், புதன், வியாழன் என்றால் நல்லது. சனி ஞாயிறு உள்ளூர்க்காரர்கள் நாள்.

அடுத்து ஏஜென்ட் சொன்ன 11 முதல் 5. பார்க் வழக்கமாகக் காலை 10 மணிக்குத் திறந்து சாயங்காலம் 7 வாக்கில் மூடும். நேரம் நாளுக்கு நாள் மாறும், டிக்கெட் வாங்கும்போது அந்தத் தேதிக்கு என்ன நேரம் என்று பாருங்கள். ஒன்பது மணி நேரத்தில் மூன்று மணி நேரத்தை வெட்டுகிறார்கள் என்பது மட்டும் கணக்கில்லை. வெட்டுவது எந்த மூன்று என்று பாருங்கள்: திறந்த முதல் ஒரு மணி, மூடுவதற்கு முந்தைய இரண்டு மணி. வரிசை சின்னதாக இருக்கும் நேரமே அதுதான். மிஞ்சுவது வெயிலும் கூட்டமும். பேக்கேஜில் விமானம், ஹோட்டல் மட்டும் வாங்கிக்கொண்டு பார்க்குக்கு நீங்களே போய்விடுங்கள். வழி தெரியாத ஊர் என்று பயப்பட ஒன்றுமில்லை, ரயில் நிலையத்தில் தமிழிலும் பெயர் எழுதியிருக்கும்.

லிட்டில் இந்தியாவில் தங்கினால் அதே பெயரில் எம்.ஆர்.டி. (மெட்ரோ ரயில்) நிலையம் இருக்கிறது. அங்கிருந்து ஊதா நிற வடகிழக்குத் தடத்தில் ஏறினால் ஹார்பர்ஃபிரன்ட் வரை மாறாமல் போகலாம். நடுவில் டோபி காட், கிளார்க் கீ, சைனாடவுன், ஊட்ரம் பார்க், அப்புறம் ஹார்பர்ஃபிரன்ட். இறங்கினதும் மேலே விவோசிட்டி என்ற கடைத்தொகுதி. அதன் மூன்றாம் தளத்தில் செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயில், ஆளுக்கு 4 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), திரும்பி வர காசு கிடையாது. முதல் நிறுத்தமான ரிசார்ட்ஸ் வேர்ல்டில் இறங்குங்கள். பிள்ளைகள் தெம்பாக இருந்தால் கடலோரம் நடைபாலமே இருக்கிறது, இலவசம். அப்பத்தா வந்தால் ரயில்தான்.

வண்டியில், நிலையத்தில் எங்கேயும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது. தண்ணீர் கூடத்தான். அபராதம் 500 வெள்ளி வரை. பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவையுங்கள்.

நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால். 9.30க்கு வாசலில் நிற்கணும் என்றால் உடம்புக்கு அது காலை 7 மணி. அதனால் இறங்கிய அன்றைக்கு பார்க் வைக்காதீர்கள். திருச்சி விமானங்களில் பல இரவிலோ விடிகாலையிலோ கிளம்புகிறவை. பிள்ளைகள் தூங்கியிருக்க மாட்டார்கள், ஹோட்டலிலும் மதியம் 2, 3 மணிக்குத்தான் அறை தருவார்கள். இறங்கிய நாள் பையை ஹோட்டலில் வைத்துவிட்டு ஊர் பார்ப்பது, தூங்குவது. இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ பார்க்.

டிக்கெட்டில் 4 முதல் 12 வயது வரை சிறுவர் கட்டணம், 4 வயதுக்குக் கீழ் இலவசம். மூத்தவனுக்கு 13 எப்போது பிறக்கிறது என்று பாருங்கள். போகும் தேதிக்கு முன்னால் என்றால் பெரியவர் டிக்கெட். 60 வயதுக்கு மேல் தனி விலை உண்டு. பெரியவருக்கு 80 வெள்ளிக்கு மேல் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்.

தேவகோட்டை ரஸ்தா

மேலே சொன்னதோடு உயரக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் குடும்பத்துக்கு நாள் முழுவதையும் தீர்மானிக்கப் போவது அதுதான்.

பார்க்கில் ஒவ்வொரு ரைடிலும் ஏற இவ்வளவு உயரமாவது இருக்கணும்: பேட்டில்ஸ்டார் கேலக்டிகா (ரோலர் கோஸ்டர்) 125 செ.மீ., மம்மி 122, ஜுராசிக் பார்க் ராப்பிட்ஸ் 107, டிரான்ஸ்ஃபார்மர்ஸ் 102, பஸ் இன் பூட்ஸ் 100, கேனோபி ஃபிளையர், என்சான்டட் ஏர்வேஸ் இரண்டும் 92.

சின்னவள் 121. மம்மிக்கு ஒரே ஒரு சென்டிமீட்டர் குறைவு. இந்த ஒன்றுதான் அன்றைக்கு அழுகையைக் கொண்டு வரும். வரிசை வாசலில் அளவுகோல் வைத்து நிறுத்தி அளப்பார்கள். "சும்மா ஒரு சென்டிமீட்டர்தானே, விடுங்க" என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. தடுப்புக் கம்பி உடம்பில் சரியாக உட்காரும் அளவை வைத்துப் போட்ட கணக்கு அது. ஷூவை, கொண்டையை நம்பிப் போகாதீர்கள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன் சுவரோடு குதிகால் ஒட்ட நிறுத்தி, தலைமேல் ஒரு புத்தகத்தை மட்டமாக வைத்துக் கோடு போட்டு, டேப்பால் அளங்கள். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. காலை அளவு எப்போதும் கொஞ்சம் கூட இருக்கும், அதை நம்பி ஏமாறக் கூடாது. 122 வரவில்லை என்றால் "மம்மி உனக்கு அடுத்த தடவை" என்று வீட்டிலேயே சொல்லி முடித்துவிடுங்கள். உள்ளே போய்ச் சொல்வது வேறு, காரைக்குடியில் சொல்வது வேறு.

மூத்தவனுக்குத் தடையே இல்லை. ஆனால் பேட்டில்ஸ்டாரில் இரண்டு தடம். ஒன்று உட்கார்ந்து போவது, தலைகீழாகப் புரளாது. இன்னொன்று தொங்கிக்கொண்டு போவது, கால் அந்தரத்தில், தலைகீழாகவும் சுற்றும். முதல் தடவைக்காரன் என்றால் உட்காருகிற தடத்தில் தொடங்கட்டும். வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். தொங்குகிறதில் கழன்று விழக்கூடிய செருப்போடு விட மாட்டார்கள். சட்டைப்பையில் சில்லறை, சாவி, போன் எதுவும் இருக்கக் கூடாது, பக்கத்து லாக்கரில் வைத்துவிட்டுத்தான் ஏறணும். பின்பட்டை உள்ள சாண்டலோ ஷூவோ போட்டுப் போங்கள்.

அப்பாவும் அம்மாவும் ஆளுக்கு ஒரு முறை ஏற ஆசைப்பட்டால் "சைல்ட் ஸ்வாப்" என்று கேளுங்கள். ஒருத்தர் பிள்ளையோடு காத்திருக்க மற்றவர் போய்வருவார், பிறகு மாற்றிக்கொள்ளலாம். இரண்டாவது ஆள் மறுபடி முழு வரிசையில் நிற்கத் தேவையில்லை.

எக்ஸ்பிரஸ் பாஸ் பற்றி என் கணக்கு இது. பாஸ் என்பது நீள வரிசையில் நிற்காமல் தனி வரிசையில் சீக்கிரம் ஏறுவதற்கு, நுழைவு டிக்கெட்டுக்கு மேல் தனிச் செலவு, நாளைப் பொறுத்து விலை ஏறும் இறங்கும். பெரிய வரிசை நிற்கும் பேட்டில்ஸ்டாரிலும் மம்மியிலும் சின்னவள் ஏறப் போவதில்லை. அப்பத்தா எதிலும் ஏறப் போவதில்லை. அப்போ ஐந்து பாஸ் வாங்கி யாருக்கு லாபம்? அப்பாவும் மகனும் மட்டும் அந்த இரண்டுக்கும் சிங்கிள் ரைடர் வரிசையில் போகட்டும். தனித்தனி இருக்கையில் உட்கார வேண்டியிருக்கும், காசு கிடையாது, வேகமாக நகரும். சில நாள் அந்த வரிசையை மூடி வைப்பார்கள் என்பது ஒன்றுதான் குறை. மே நடு வாரத்தில் போகிறீர்கள் என்றால் பாஸ் வேண்டாம் என்பேன். சனிக்கிழமைதான் முடியும் என்றால் பேச்சு வேறு.

ஏஜென்ட் பேக்கேஜில் பாஸையும் சேர்த்துப் போட்டிருக்கிறாரா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஆளுக்கு ஒரே மாதிரி போட்டிருப்பார்கள்.

புதுவயல்

பார்க் பற்றி இரண்டு பேரும் சொல்லிவிட்டார்கள். நான் காகிதமும் பெட்டியும் மட்டும் சொல்கிறேன். பயணம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான்.

பாஸ்போர்ட்டை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். பெரியவர்களுடையது பத்து வருடம், சின்னப் பிள்ளைகளுடையது ஐந்து வருடம்தான். அப்பா அம்மா பாஸ்போர்ட்டோடு சேர்த்து எடுத்திருந்தாலும் பிள்ளைகளுடையது பாதியில் முடிந்துவிடும். போய் இறங்கும் தேதியிலிருந்து ஆறு மாதமாவது மிச்சம் இருக்கணும்.

விசா நமக்குத் தேவை. இங்கேயிருந்து அங்கீகரிக்கப்பட்ட ஏஜென்ட் வழியாகத்தான் போடணும். அங்கே குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ உள்ள சொந்தக்காரர் இருந்தால் அவரே தன் சிங்பாஸ் (அங்கத்திய அரசு இணையச் சேவைக்கான) கணக்கில் போடலாம். நம்ம பக்கம் அப்படி ஒருத்தர் இல்லாத வீடு குறைவு, கேட்டுப் பாருங்கள். அரசுக் கட்டணம் ஆளுக்கு 30 வெள்ளி, நிராகரித்தாலும் திரும்ப வராது. ஏஜென்ட் கூலி அதற்கு மேல். பயணத்துக்கு 30 நாள் இருக்கும்போது போடுவது சரி. அதற்கு முன்னால் அவசரப்பட்டுக் கொடுத்துப் பயனில்லை, கடைசி வாரத்துக்குத் தள்ளவும் கூடாது.

போட்டோவில் பல பேர் மாட்டுகிறார்கள். 35 மி.மீ. அகலம், 45 மி.மீ. உயரம், வெள்ளைப் பின்னணி, மூன்று மாதத்துக்குள் எடுத்தது. ஸ்டூடியோவில் "பாஸ்போர்ட் சைஸ்" என்று மட்டும் சொன்னால் பழக்கத்தில் நீலப் பின்னணி போட்டு எடுத்துவிடுவார்கள். வெள்ளைப் பின்னணிக்கு வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்தால் தோள் எது சுவர் எது என்று தெரியாது. கலர்ச் சட்டை போடச் சொல்லுங்கள்.

டிக்கெட்டில் பெயர் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே. நம்ம ஆட்கள் பலருக்கு சர்நேம் இடம் காலியாக இருக்கும், அல்லது இனிஷியல் விரித்து அப்பா பெயர் இருக்கும். ஒற்றைப் பெயரை எப்படி நிரப்பணும் என்று ஒவ்வொரு விமான நிறுவனத்துக்கும் ஒரு முறை இருக்கிறது. பணம் கட்டுவதற்கு முன் அதைப் படித்துவிட்டு நிரப்புங்கள். பின்னால் திருத்தக் காசு கேட்பார்கள்.

இறங்குவதற்கு மூன்று நாளுக்குள் எஸ்.ஜி. அரைவல் கார்டு என்று ஒன்றை இணையத்தில் நிரப்பணும், பிள்ளைகளுக்கும் சேர்த்து. இது இலவசம். காசு கேட்கிற தளம் எதுவாக இருந்தாலும் அது அரசுத் தளம் இல்லை. இது விசாவும் இல்லை, விசா வேறு இது வேறு.

இனி பெட்டி. இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

கசகசா கூடாது. சிங்கப்பூரில் அது போதைப்பொருள் தடுப்புப் பிரிவு தடைசெய்த பொருள் பட்டியலில் இருக்கிறது. நம்ம வீட்டு குருமாப் பொடி, கறி மசாலாப் பொடிகளில் கசகசா சேர்த்து அரைப்பது வழக்கம். தனியாகப் பொட்டலம் எடுத்துப் போகாவிட்டாலும் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க என்று அப்பத்தா ஒரு கிலோ மசாலா கட்டிவைத்திருப்பார், அதில் இது இருக்கும். அங்கேயே எல்லா மசாலாவும் கிடைக்கிறது, எதுவும் வேண்டாம். உப்புக்கண்டம், மட்டன் ஊறுகாய் இரண்டும் வேண்டாம். இந்தியாவிலிருந்து இறைச்சி கொண்டுபோக அனுமதி இல்லை. சூயிங்கம் வேண்டாம். சிகரெட்டுக்கு வரியில்லாச் சலுகை என்று ஒன்று கிடையாது, ஒரு பாக்கெட் என்றாலும் சொல்லி வரி கட்டணும். வேப் (இ-சிகரெட்) கொண்டே போகக் கூடாது.

தேன்குழல், மகிழம்பூ முறுக்கு, சீப்புச் சீடை, மாவுருண்டை தாராளமாகக் கொண்டு போகலாம். முறுக்கை டின்னில் போட்டு, டின்னுக்குள் காலி இடம் இல்லாமல் காகிதம் திணியுங்கள். இல்லாவிட்டால் போய் இறங்கும்போது பொடிதான் இருக்கும்.

அப்பத்தாவின் மருந்துக்கு டாக்டர் சீட்டு கையில் இருக்கட்டும், மாத்திரை அட்டையோடு இருக்கட்டும். தூக்க மாத்திரையும் கோடீன் கலந்த இருமல் மருந்தும் முன் அனுமதி இல்லாமல் எடுத்துப் போகக் கூடாதவை. நகை அதிகம் போட்டுப் போவதாக இருந்தால் திருச்சியில் கிளம்பும்போதே சுங்கத்தில் காட்டி எழுதி வாங்கிக்கொள்ளலாம். திரும்பி வரும்போது "இங்கே வாங்கினதா, அங்கே வாங்கினதா" என்ற கேள்வி எழாது. உண்மையில் நகையை வீட்டில் வைத்துவிட்டுப் போவதுதான் நல்லது. ரைடில் நீளச் சங்கிலி போட்டு உட்காருவது சரியில்லை.

பவர்பேங்க் கைப்பையில் மட்டும். அங்கே மூன்று சதுரக் கால் உள்ள பிளக், அடாப்டர் இரண்டு எடுங்கள்.

காரைக்குடியிலிருந்து திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டை ரோட்டிலேயே, ஊருக்குள் நுழைவதற்கு முன்னாலேயே வந்துவிடும். திருச்சி நெரிசலைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். வண்டிக்கு இரண்டு மணி நேரம், அங்கே மூன்று மணி நேரம் முன்னதாக. மொத்தம் ஐந்து மணி நேரம் முன்பாகப் புறப்பட்டால் போதும்.

செக்காலை

இவ்வளவு விவரமா எதிர்பார்க்கலை, ரொம்ப நன்றி. கசகசா விஷயம் படிச்சதும் அடுப்படிக்குப் போய்ப் பார்த்தேன், அப்பத்தா கட்டி வைத்த பொட்டலத்தில் அது இருக்கு. எடுத்து வச்சாச்சு.

சின்னவளைச் சுவரில் நிறுத்தி அளந்தேன், சாயங்காலம் 120.5. மம்மி கிடையாதுன்னு சொல்லியாச்சு, ராப்பிட்ஸில் இரண்டு தடவை ஏறலாம்னு பேச்சு முடிஞ்சுது. இன்னும் மூணு கேள்வி. உள்ளே போனதும் எதில் தொடங்கணும்? மழை வந்தா என்ன பண்றது? அப்பத்தாவுக்கு என்ன வழி? எல்லாரும் உள்ளே போயிட்டா அவங்க மட்டும் ஹோட்டலில் இருக்க முடியாது. அப்புறம் ஒருத்தர் லெகோலேண்டும் பக்கத்திலேயே, ஒரு நாளில் போய்வரலாம்கிறார்.

சிராங்கூன் ரோடு

உள்ளே நுழைந்ததும் ஹாலிவுட் பகுதி. நடுவில் ஒரு ஏரி, அதைச் சுற்றித்தான் மற்றப் பகுதிகள். வலது கைப் பக்கமாகப் போனால் நியூயார்க், அதைத் தாண்டி சை-ஃபை சிட்டி, பிறகு எகிப்து, லாஸ்ட் வேர்ல்ட், ஃபார் ஃபார் அவே, கடைசியில் மினியன் லேண்ட். மினியன் லேண்ட் 2025 பிப்ரவரியில் திறந்தது, அதனால் புதிதாக வருபவர்கள் பலர் முதலில் அங்கே ஓடுகிறார்கள். ஓடட்டும். நீங்கள் வலது பக்கம் போய் டிரான்ஸ்ஃபார்மர்ஸில் தொடங்குங்கள். நாலு பேரும் சேர்ந்து ஏறலாம். அதை முடித்து வெளியே வந்தால் பேட்டில்ஸ்டார் அங்கேயே.

வாசலில் சுழலும் பெரிய உருண்டை இருக்கிறது. போட்டோவைக் கிளம்பும்போது எடுங்கள், காலையில் அதற்கு நின்றால் முதல் பத்து நிமிடம் போய்விடும்.

தேவகோட்டை ரஸ்தா

அண்ணே, டிரான்ஸ்ஃபார்மர்ஸ் முதலில் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. அது கூரைக்குள் இருப்பது. இடி மின்னல் வந்தாலும் ஓடும். பேட்டில்ஸ்டார், ராப்பிட்ஸ், கேனோபி ஃபிளையர், பஸ் இன் பூட்ஸ் எல்லாம் திறந்தவெளி. சிங்கப்பூரில் மின்னல் எச்சரிக்கை வந்ததும் அதையெல்லாம் நிறுத்திவிடுவார்கள். மழை பெய்யவே தேவையில்லை, மின்னல் அருகில் இருந்தால் போதும். பிற்பகல் இடிமழை அங்கே சர்வசாதாரணம். நிறுத்தியதும் திறந்தவெளியில் நின்ற கூட்டம் முழுக்க கூரைக்குள் இருப்பதற்கு வரும், அது உண்மை. ஆனால் அதற்குள் வெளி ரைடுகளை முடித்துவிட்டவர் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வரிசையில் ஏ.சி.யில் நிற்கலாம். முடிக்காதவர் கேனோபி ஃபிளையர் வாசலில் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

என் வரிசை: 10 மணிக்கு பேட்டில்ஸ்டாருக்கு அப்பாவும் மகனும், அந்த நேரம் பக்கத்தில் ஆக்சிலரேட்டர் என்ற சுற்றுகிற ரைடில் அம்மாவும் சின்னவளும். அப்புறம் எகிப்தை இப்போதைக்குத் தாண்டி நேரே லாஸ்ட் வேர்ல்டு, கேனோபி ஃபிளையர் முதலில் (ஒரு வண்டிக்கு ஆள் குறைவு, அதனால் வரிசை மெதுவாக நகரும்), உடனே ராப்பிட்ஸ். அடுத்து ஃபார் ஃபார் அவேயில் பஸ் இன் பூட்ஸ். இதற்குள் மதியம். சாப்பாட்டுக்குப் பிறகு கூரைக்குள் இருப்பவை: மம்மி, டிரான்ஸ்ஃபார்மர்ஸ், மினியன், சின்னவளுக்கு நியூயார்க்கில் செசமி ஸ்ட்ரீட் ரைடு. வாட்டர்வேர்ல்ட் காட்சி நேரம் பலகையில் இருக்கும், 20 நிமிடம் முன்னால் போய் உட்காருங்கள். முன் வரிசையில் உட்கார்ந்தால் தண்ணீரை வாளியில் எடுத்து ஊற்றுவார்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ராப்பிட்ஸ் பற்றி. வட்டப் படகு, யார் மேல் தண்ணீர் விழும் என்று முன்கூட்டித் தெரியாது, கடைசியில் ஒரு சரிவு. ஜீன்ஸ் போட்டால் சாயங்காலம் வரை காயாது, நனைந்த ஜீன்ஸோடு ஏ.சி.க்குள் நின்றால் பிள்ளைகள் நடுங்கும். மெல்லிய டிரவுசர், சீக்கிரம் காயும் சட்டை. சேலை, துப்பட்டா இரண்டும் வேண்டாம். நாலு மெல்லிய பிளாஸ்டிக் மழைக்கோட்டை இங்கேயே வாங்கிப் போங்கள், அங்கே அதே பொருள் பல மடங்கு விலை. மாற்றுச் சாக்ஸ் ஒன்று, போனுக்கு ஜிப் கவர் ஒன்று. ராப்பிட்ஸ் முடிந்ததும் சாக்ஸை மாற்றாமல் நடந்தால் இரண்டு மணிக்குள் குதிகாலில் கொப்புளம். அதோடு அன்றைய நாள் முடிந்தது.

சிராங்கூன் ரோடு

திறந்தவெளி முதலில் என்ற கணக்கு மே மாதத்துக்குச் சரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஒன்று மட்டும்: காலையிலேயே வானம் கறுத்து பேட்டில்ஸ்டார் நின்றிருந்தால் காத்திருக்காமல் டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்குத் திரும்பிவிடுங்கள். பார்க்கின் ஆப்பில் எது ஓடுகிறது, எத்தனை நிமிட வரிசை என்று தெரியும், அதற்கு போனில் டேட்டா வேண்டும். உள்ளூர் சிம் அல்லது ரோமிங் விமான நிலையத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்பத்தாவுக்கு. பார்க் பெரிதில்லை, சுமார் 20 ஹெக்டேர், தரை சமமாகவே இருக்கும், உட்கார இடம் உண்டு, சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் ஒன்பது மணி நேரம் ரைடு வாசல்களில் உட்கார்ந்திருப்பது 68 வயதுக்குப் பொழுதுபோக்கு இல்லை. டிக்கெட் காசும் வீண். அதே ரிசார்ட்ஸ் வேர்ல்டுக்குள் சிங்கப்பூர் ஓஷனேரியம் இருக்கிறது, பெரிய மீன் காட்சியகம், முழுக்க ஏ.சி., தரை சமம். அதை வேறொரு நாள் எல்லோரும் சேர்ந்து பாருங்கள். பார்க் நாளன்று சொந்தக்காரர் வீடு இருந்தால் அங்கே விட்டுவிடுங்கள். இல்லை என்றால் உங்களில் ஒருத்தர் மதியம் 3 மணிக்கு வெளியே வந்து கூட இருப்பது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். மதியத்துக்கு மேல் இருப்பதெல்லாம் கூரைக்குள் ரைடுகள், ஒரு பெரியவர் போதும்.

அப்பத்தாவுக்கு டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலைப் பார்க்க ஆசை இருக்கும், கேட்கவே வேண்டாம். நகரத்தார் 1859இல் கட்டியது. பக்கத்து நிலையம் ஃபோர்ட் கேனிங். மதியம் நடை சாத்தியிருக்கும், சாயங்காலம் போங்கள். இறங்கிய முதல் நாளுக்கு அதைப் போடுங்கள், களைப்புக்கும் அது தாங்கும்.

சாப்பாடு: வெளிச் சாப்பாடு உள்ளே விட மாட்டார்கள், புளியோதரைப் பொட்டலமும் அதில் சேரும். தண்ணீர் பாட்டில் கொண்டுபோகலாம், குழாய்த் தண்ணீர் குடிக்கக் கூடியதே, உள்ளே நிரப்பிக்கொள்ளலாம். காலையில் லிட்டில் இந்தியா சிராங்கூன் ரோட்டில் இட்லி, பொங்கல் வயிறு நிறையச் சாப்பிட்டுக் கிளம்புங்கள். மதியச் சாப்பாட்டை 12 மணிக்கு வைத்துக்கொள்ளாதீர்கள், அப்போது கடை வரிசையே ஒரு ரைடு வரிசை. 11.15 அல்லது 2 மணி. எகிப்துப் பகுதியில் இந்தியச் சாப்பாடு கிடைக்கும். சைவம் என்றால் முதலிலேயே கேளுங்கள்.

புதுவயல்

லெகோலேண்ட் மலேசியாவில், ஜொகூரில். அது வேறு நாடு. மலேசிய டிஜிட்டல் அரைவல் கார்டு தனியாக நிரப்பணும், திரும்பி நுழைய சிங்கப்பூர் விசாவில் மல்டிபிள் (பல தடவை நுழையலாம்) என்று போட்டிருக்கணும், சிங்கப்பூர் அரைவல் கார்டும் மறுபடி. பாலத்தில் இரண்டு பக்கமும் குடிநுழைவு வரிசை, கூட்ட நாளில் மணிக்கணக்கு. அது 2 முதல் 12 வயதுக்கென்று செய்த பார்க், உங்கள் மூத்தவனுக்கு பேட்டில்ஸ்டாருக்குப் பிறகு அது சப்பென்று இருக்கும். நாலு இரவில் இதைத் திணிக்காதீர்கள்.

இன்னொன்று விட்டுப்போனது. அங்கே 1.35 மீட்டருக்குக் கீழ் உள்ள பிள்ளைக்குக் காரில் தனி இருக்கை சட்டம். டாக்சிக்கு விலக்கு உண்டு, ஆப்பில் கூப்பிடும் தனியார் வாடகைக் காருக்கு விலக்கு இல்லை. சின்னவள் 121, மூத்தவன் 141. சாதாரண கார் பதிவு செய்தால் டிரைவர் வந்து பார்த்துவிட்டு ஏற்ற மாட்டேன் என்று போய்விடுவார். ஆப்பிலேயே டாக்சி என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள், அல்லது பிள்ளை இருக்கை உள்ள வண்டி. ஐந்து பேருக்கு சாதாரண டாக்சியில் இடம் இல்லை, நாலு பேர்தான். பெரிய வண்டியாகக் கேளுங்கள்.

செக்காலை

டாக்சி விஷயம் யாரும் சொல்லலை, நல்லவேளை. தேதி மே இரண்டாம் வாரம், புதன்கிழமை பார்க். ஏஜென்ட்கிட்ட விமானமும் ஹோட்டலும் மட்டும் போதும்னு சொல்லிட்டேன். மூத்தவனுக்கு ஆகஸ்டில்தான் 13, அதனால் சிறுவர் டிக்கெட்தான். சின்னவளோட பாஸ்போர்ட் செப்டம்பரில் முடியுது. மே மாதத்திலிருந்து ஆறு மாதம் வராது இல்லையா?

புதுவயல்

வராது, நாலு மாதம்தான். நாளைக்கே புதுப்பிக்க அப்பாயின்ட்மென்ட் எடுங்கள். அப்பா அம்மா இருவரும் கையெழுத்திடும் அனெக்ஷர் டி படிவம், பிறப்புச் சான்று, பழைய பாஸ்போர்ட், உங்கள் இருவர் பாஸ்போர்ட்டும் வேண்டும். புது எண் கையில் வருகிற வரை விமான டிக்கெட், விசா எதுவும் போடாதீர்கள்.